எட்மண்ட் கொடுக்கிற கதை

தீயணைப்பு வண்டியின் பக்கவாட்டுப் படியில் உட்கார்ந்து எட்மண்ட் சிரித்துக்கொண்டிருக்கிறார். சத்தமே இல்லை, தொப்பை மட்டும் பெல்ட்டுக்கு மேலே குலுங்குகிறது. கையில் ஒரு சிறுவர் நாவல். அட்டையில் ஆட்டுக்குட்டி ஒன்று ஓட, பின்னால் தொப்பி பறக்க ஒரு போலீஸ்காரர் ஓடுகிறார். வண்டி ஓட்டுகிற கஜபதி டீ கிளாஸோடு வந்து எட்டிப் பார்க்கிறார்.

"இன்னா அண்ணாத்தே, அஞ்சாங்கிளாஸ் பரீட்ச எழுதப் போறியா?"

"நீ மொதல்ல இத்த பாஸ் பண்ணு மாமே, அப்பால பேசு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறார் எட்மண்ட்.

ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றின் தீயணைப்பு நிலையத்தில் அவர் லீடிங் ஃபயர்மேன். ஆறடி உயரம். இடது கையில் முழங்கை வரை பழைய தீக்காயத் தழும்பு. அந்த அகலமான முகத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத சின்னக் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். மணி அடித்தால் படிக்கிற புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வண்டியில் தொற்றுவார். அதனால் அவர் கொடுக்கிற புத்தகங்களில் பாதிக்குப் புகை வாசனையும் மீதிக்கு வியர்வை வாசனையும் உண்டு. பிள்ளைகள் அதை முகர்ந்து பார்த்து, "அங்கிள் படிச்சிட்டாரு" என்று சொல்லிக்கொள்வார்கள். அவர் படிக்காத எதையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கமாட்டார் என்பது எங்கள் குவார்ட்டர்ஸ் முழுவதற்கும் தெரியும்.

ஞாயிறு காலை சர்ச்சில் பூசை முடிந்ததும் மனமகிழ் மன்றத்துக்கு வருவார். கூடத்தில் ஒரு பக்கம் கேரம் போர்டு. இன்னொரு பக்கம் நான்கு இரும்பு பீரோக்கள். மூன்றில் பெரியவர்கள் படிக்கும் துப்பறியும் நாவல்களும் குடும்ப நாவல்களும். நான்காவது எட்மண்டுடையது. நாலாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை படிக்கிறவர்களுக்கு மட்டும்.

"ராஜா ராணி வயசு தாண்டிருச்சி. லவ்வு வயசு இன்னும் வரல. நடுவுல கீற புள்ளைங்களுக்கு எவன்யா ஒழுங்கா எழுதறான்?" என்று என்னிடமே கேட்டார். நான் எழுதுகிறவன் என்பது அவருக்குத் தெரியும்.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் அவருடைய மகள் ஞானகுமாரி. அவள் ஐந்தாவது படிக்கும்போது பளபளப்பான நீதிக்கதைப் புத்தகம் ஒன்றை வாங்கிவந்தார். அவள் தொடவில்லை. திட்டினார். "நீ படிச்சியாப்பா?" என்று அவள் கேட்டாள். ரோஷத்தோடு உட்கார்ந்து படித்தவர் மூன்றாம் பக்கத்தில் குறட்டை விட்டுவிட்டார். மகளும் மனைவி ஞானசௌந்தரியும் சிரித்த சிரிப்பில்தான் விழித்தாராம். அன்று முதல், தூங்கவிடாத கதையைத் தேடி அலைய ஆரம்பித்தார். மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அப்பா இன்னும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை.

கதை கொடுப்பதற்கு அவருக்கென்று ஒரு முறை இருக்கிறது. புத்தகத்தை நடுவில் பிரித்துப் பிள்ளையின் கையில் கொடுத்து, நின்றபடியே ஒரு பக்கம் படிக்கச் சொல்வார். அவர் பார்ப்பது பிள்ளையின் காலை. மன்றத்தில் கொசு அதிகம். படிக்கிற பிள்ளை காலை மாற்றிச் சொறிந்துகொண்டால் புத்தகத்தைத் திருப்பி வாங்கிவிடுவார். கொசு கடிப்பது தெரியாமல் நின்றால் கொடுத்தனுப்புவார். கடைசியில் புத்தி சொல்கிற கதைகள் அவருக்கு ஆகாது. "கத முடிஞ்சப்பறம் வாத்தியாரு வந்து குந்திக்கினா, நாங்க எங்க குந்தறது?" என்பார்.

கேன்டீனில் வேலை பார்த்த துலுக்கானத்தின் மகள் லோகநாயகி இந்தச் சோதனையில் ஒருமுறைகூடக் காலை அசைத்ததில்லை. ஆறாம் வகுப்பு, எண்ணெய் வழியும் இரட்டைச் சடை. திருப்பிக் கொடுக்கும்போது கதையில் வரும் மனிதர்களைத் தெருவில் இருப்பவர்களைப் போலத் திட்டுவாள். எட்மண்டுக்கு அவள்மேல் தனிப் பிரியம்.

தொண்ணூற்றிரண்டு மழைக்காலத்தில், சென்னீர்குப்பத்தில் உறவுக்காரர் வீட்டுக் காரியத்துக்குப் போய்விட்டு சைக்கிளில் திரும்பிய துலுக்கானத்தை, நெடுஞ்சாலையில் ஒரு லாரி அடித்துப்போட்டுவிட்டது. அடக்கத்துக்கு எட்மண்டும் தோள் கொடுத்தார்.

அடுத்த மாதம் லோகா மன்றத்துக்கு வந்தாள். அவள் வாசலில் வருவதைப் பார்த்ததும் எட்மண்ட் ஒரு காரியம் செய்தார். பீரோவின் நடுத்தட்டில் இருந்த ஒரு புத்தகத்தை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். ஆற்றில் படகு விடுகிறவர் வெள்ளத்தில் போய்விட, அவருடைய மகன் என்ன ஆனான் என்று சொல்லும் கதை அது. அவளுக்கு ஆட்டுக்குட்டிக் கதையைக் கொடுத்தார். அடுத்த வாரம் மாமியார் பேய்க்குச் சவரம் செய்த நாவிதன் கதை. அதற்கும் அடுத்த வாரம் சர்க்கஸ் குரங்கு. மூன்றையும் அவள் படிக்காமலே திருப்பிக் கொடுத்தாள்.

"இதெல்லாம் வாணாம் அங்கிள். இதுல எல்லாரும் சிரிச்சிகினே கீறாங்க" என்றாள். அப்புறம் கேரம் போர்டு பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அப்பா செத்துப்போற கத எதுனா கீதா?"

எட்மண்ட் பீரோ பக்கம் திரும்பிக்கொண்டார். "பாக்கறேன் கண்ணு" என்று மட்டும் சொன்னார். அன்றைக்குப் பீரோவைப் பூட்டாமலே வீட்டுக்குப் போய்விட்டார்.

பிறகு நடந்ததை எனக்குச் சொன்னவர் ஞானசௌந்தரி. மறுநாள் டியூட்டி முடிந்ததும் மனைவியை அழைத்துக்கொண்டு லோகாவின் வீட்டுக்குப் போயிருக்கிறார். லோகாவின் அம்மா குப்பம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கணவருடைய வேலை அவளுக்குக் கிடைத்துப் புதிதாகக் கேன்டீனுக்குப் போய்வரத் தொடங்கியிருந்த சமயம். மகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு எட்மண்ட் விஷயத்தைச் சொன்னார்.

"புள்ளையே கேக்குதும்மா. நீ வாணாம்னா நான் குடுக்க மாட்டேன்."

குப்பம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாண்ணா நீ? ஊட்ல நடந்தது பத்தாதா? புக்கு படிச்சி வேற அது அழுவணுமா?"

"அது அழவே இல்லியேம்மா" என்றார் எட்மண்ட். "அடக்கத்தப்பவும் பாத்தேன். இப்பவும் பாக்கறேன். அதான் பயமா கீது."

கீரை ஆய்ந்த கை நின்றுவிட்டது. அவள் முறத்தை நகர்த்தி வைத்தாள். "எனக்குப் படிக்க வராது. நீயே படி. இன்னாதான் எழுதிக்கீறான்னு கேக்கறேன்."

எட்மண்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். தீயணைப்பு வண்டிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை அது; மெதுவாகப் படிக்க மிகவும் சிரமப்பட்டாராம். படகுக்காரரின் துண்டு கரையில் ஒதுங்குகிற இடம் வந்தது. மகன் அதைப் பிழிந்து, எதுவும் நடக்காததுபோலக் கொடியில் காயப்போடுகிறான். அங்கே எட்மண்ட் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"எத்தினியோ எரியற எடத்துல பூந்து ஆளத் தூக்கினு வந்த மனுசன். ஒரு துண்ட கொடில போட்டதுக்குத் தேம்பித் தேம்பி அழுவறாரு" என்று சொல்லும்போது ஞானசௌந்தரியின் முகத்தில் கேலி இருந்தது. அதைவிட அதிகமாகப் பெருமை இருந்தது.

குப்பம்மாதான் எழுந்து சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "குடிச்சிட்டு மேல படிண்ணா. அந்தப் புள்ள இன்னா ஆச்சி?"

மறுநாள் மாலை கதை முடிந்தது. எட்மண்ட் புத்தகத்தை மூடிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குப்பம்மா அதை வாங்கி, ஆணியில் மாட்டியிருந்த மகளின் பள்ளிக்கூடப் பைக்குள் தானே வைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லோகா வரவில்லை. எட்மண்டுக்கு ஒன்றும் ஓடவில்லை. நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏழாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தார். ஒரு பையன் இரண்டு காலையும் மாற்றி மாற்றிச் சொறிந்துகொண்டிருந்தான், அவனுக்கும் கொடுத்தனுப்பினார். "தப்பு பண்ணிட்டனோ" என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார்.

அதற்கடுத்த ஞாயிறு தாயும் மகளும் சேர்ந்து வந்தார்கள். குப்பம்மா வாசலிலேயே நின்றுகொண்டாள். "படிச்சிக் காட்டுச்சிண்ணா. ரெண்டு பேரும் ஒண்ணா குந்தி அழுதோம். அழுது முடிச்சி சோறு துன்னோம்" என்றாள். 'சோறு துன்னோம்' என்றபோது அவள் முகத்தில் வந்த தெளிவை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

லோகா புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். பழைய லோகாவின் சண்டைக்காரக் குரல் திரும்பியிருந்தது.

"கடேசி பக்கம் சரியில்ல அங்கிள். அவன் மறுபடி படகு உட்டது கரெக்டு. ஆனா சிரிச்சிகினே உட்டான்னு எழுதிக்கீறாங்க. அது பொய்யி. எதுவும் பேசாமதான் உட்டிருப்பான்."

எட்மண்ட் அந்தப் பக்கத்தைப் பிரித்து மறுபடியும் படித்தார். நெடுநேரம் படித்தார். "கரெக்டு" என்றார்.

அந்த வாரம் முழுக்க அவர் வாயில் இதே பேச்சு. டீக்கடையில் சொன்னார். கஜபதியிடம் வண்டி கழுவும்போது சொன்னார். கோயில் வாசலில் பாதரை நிறுத்திவைத்துச் சொன்னார். "அத்தினி தபா படிச்சிக்கீறேன் பாதர், எனக்குத் தோணல. பன்னெண்டு வயசுப் பொண்ணு, எழுதனவன் எங்க சறுக்கினான்னு காட்டிருச்சி. எங்க மன்றத்துப் பொண்ணு பாதர்!" தான் பெற்ற பிள்ளை முதல் மார்க் வாங்கியபோதுகூட அவர் இப்படி ஊரைக் கூட்டவில்லை என்று ஞானசௌந்தரி சொல்கிறார். ஞானகுமாரியும் அதை ஒப்புக்கொள்கிறாள்.

லோகா இப்போது எட்டாம் வகுப்பு. கணக்குப்படி அந்த பீரோவின் வயதைத் தாண்டிவிட்டாள். ஆனாலும் வருகிறாள். புதிதாக வருகிற கதைகளை எட்மண்ட் முதலில் படிக்கிறார்; அடுத்து அவள் படிக்கிறாள். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகாவிட்டால் கேரம் ஆடுகிறவர்கள் காயை வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கும் அளவுக்குச் சண்டை நடக்கும். சமீபத்தில் ஒரு பேசும் கிளிக் கதையை அவள் வேண்டாமென்று தள்ள, இவர் அதற்காக அரைமணி நேரம் வாதாடித் தோற்றார். தோற்றதைச் சந்தோஷமாக எல்லோரிடமும் சொன்னார்.

போன ஞாயிற்றுக்கிழமை கரையான்சாவடியிலிருந்து ஒரு டீச்சர் பஸ் பிடித்து வந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கென்று தனியாக ஓர் அலமாரி வைக்கப்போகிறார்கள். அதில் என்ன கதைகள் வைக்கலாம் என்று கேட்க வந்தவர்.

"நீங்கதான் எட்மண்ட் சாரா? உங்களக் கேட்டா நல்லதா சொல்வீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க" என்றார்.

எட்மண்ட் கூச்சத்தோடு மீசையைத் தடவிக்கொண்டார். "இருங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு கூடத்தின் மறுபக்கம் திரும்பி, "லோகாம்மா, இப்டி வா" என்று கூப்பிட்டார்.

அவள் வருவதற்குள் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் துண்டால் துடைத்து, டீச்சருக்கு எதிரே திருப்பிப் போட்டார். அவள் உட்கார்ந்ததும் அதன் பின்னால் போய், முதுகை நிமிர்த்தி, கைகளைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நின்றார்.