வாசனை ஏறாத அறை

பர்மாவில், ஷ்வேப்யிதாவில் உள்ள தையல் தொழிற்சாலையில் சித்ராதேவி வாயைத் திறந்தால் இயந்திரங்களின் இரைச்சலே அடங்கிப்போகும் என்பார்கள். அது அங்கே. ஆற்றோரத்து அலோன் பகுதியில், மாமியார் வீட்டு மாடிப்படி ஏறுவதற்குள் அந்தக் குரல் பாதியாகிவிடும். மாமியார் பவுனம்மாள் கொடுமைக்காரி அல்ல. கொடுமைக்காரியாக இருந்தால் சண்டையாவது போடலாம். பாசத்தாலேயே ஆளைக் கட்டிப்போடுகிறவளிடம் என்னத்தைப் பேசுவது?

சித்ராவுக்குப் பிள்ளை பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது. பவுனம்மாளின் அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரி. பிரசவ விஷயத்தில் அவளுக்கு அம்மா வழிதான். பெற்றவள் ஒரு வாரம் நெருப்போடு இருக்க வேண்டும்; மீநே என்பார்கள். கதவைச் சாத்தி, கட்டிலருகே கரி அடுப்பை வைத்து உடம்பைக் காய வைப்பார்கள். குளிர்காற்று ஆகாது. அதைவிட ஆகாதது வாசனை. தாளிக்கிற நெடியோ குப்பைப் புகையோ பச்சை உடம்புக்காரிக்கு ஏறிவிட்டால் தலை சுற்றும், உயிருக்கே ஆபத்து என்று நம்பினார்கள். முகர்ந்துகொள்ள, தலையணைப் பக்கத்தில் கருஞ்சீரக முடிச்சு ஒன்றும் கிடந்தது.

இந்த டிசம்பரில் அலோனில் நெடிக்கா பஞ்சம்? கரண்ட் வருவது சாமி வருவதுபோல் ஆகிவிட்டதால் வீட்டுக்கு வீடு விறகும் கரியும்தான். போதாததற்கு, விடிந்ததும் குளிர் காயக் குப்பையைக் கொளுத்துகிறார்கள். ஆற்றுப் பனியோடு சேர்ந்த அந்தப் புகை சந்துக்குள் இறங்கினால், வெயில் ஏறும்வரை நகராது.

அன்று காலையில் சித்ரா தலைவலியோடுதான் எழுந்தாள். கணவன் தனசேகரன் துறைமுக வேலைக்குக் கிளம்பும்போது அறைக் கதவைத் திறந்து நின்று பேசினான். அந்தக் கொஞ்ச நேரம் தலை தெளிந்தது. அவன் சாத்திவிட்டுப் போனதும் மறுபடி கனத்தது.

"அத்தை, மயக்கமா வருது."

"கதவைத் தொறந்தான்ல, வாசனை ஏறிடுச்சு." பவுனம்மாள் பழைய லுங்கியைக் கிழித்து ஜன்னல் இடுக்குகளில் திணித்தாள். கதவடியிலும் செருகினாள். அடுப்பில் இன்னும் இரண்டு கை கரியை அள்ளிப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"அடுப்பைக் கொஞ்சம் வெளிய வைக்கலாமா அத்தை?"

"நல்ல கரி புள்ள இது. மோந்து பாரு, பொகை இருக்கா, நாத்தம் இருக்கா? கெட்டதெல்லாம் வெளியதான கெடக்கு."

புகை இல்லைதான், நாற்றமும் இல்லைதான். வினையே அங்கேதான் இருந்தது.

சித்ரா பிள்ளையை மார்பில் அணைத்தாள். பால் கடைவாயில் வழிந்ததே தவிர, அது உறிஞ்சவில்லை. உள்ளங்காலைச் சுண்டினாள். அழவில்லை.

"அத்தை! புள்ளையைப் பாருங்க!"

பவுனம்மாளின் தலை நெஞ்சில் தொங்கியது. தோளைத் தொட்டதும் அப்படியே சுவரோரம் சரிந்தாள்.

வெளியே போனால் குளிர்காற்று, புகை. போகக்கூடாது என்று நாலு நாளாகக் காதில் ஓதியிருந்தார்கள். ஆனால் கதவு திறந்திருந்தபோதுதானே தலை தெளிந்தது? அது ஒன்றுதான் அவளுக்குத் தெரியும். பிள்ளையை இடுக்கிக்கொண்டு கதவுவரை தவழ்ந்தாள். செருகிய துணி கதவை இறுக்கிப் பிடித்திருந்தது. மூன்று முறை இழுத்தும் வரவில்லை. காலைச் சுவரில் உதைத்துப் பிடித்து இழுத்தாள். கதவு வந்தது. நிற்க முடியாமல், உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

கீழே டீக்கடைக்காரர் காஜா மைதீன் பதறிப்போனார். "பச்ச ஒடம்போட காத்துல வர்றியேம்மா! மேல போ, மேல போ!"

"போகமாட்டேன்! அத்தை உள்ள விழுந்து கெடக்காங்க, தூக்கிட்டு வாங்க!" சந்து முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அவர் ஓடினார். சித்ரா பிள்ளையின் முகத்தில் ஊதினாள், முதுகைத் தேய்த்தாள், பேர் வைக்காத பிள்ளையை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல் "ஐயா, ஐயா" என்றாள். உலகத்தில் அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. கடைசியில் பிள்ளை இருமியது. பிறகு வீறிட்டு அழுதது.

காஜா மைதீன் பவுனம்மாளைத் தூக்கிவந்து பெஞ்சில் கிடத்தினார். அவரும் தலையைப் பிடித்துக்கொண்டார். பவுனம்மாள் வாந்தியெடுத்து, மெல்லக் கண் விழித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போக யாரோ டாக்சி பிடிக்க ஓடினார்கள்.

"அடைச்ச ரூம்ல கரியை வைக்கலாமா ஆத்தா? அதுலேர்ந்து கெளம்புற காத்துக்கு வாசனையே வராது. ஆளைச் சாச்சுப்புடும்," என்றார் காஜா மைதீன்.

"வாசனையே வராதா?" என்றாள் பவுனம்மாள்.

"வராது."

பவுனம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். அழுகிற பிள்ளையைப் பார்த்தாள்.

"ஒன் புருசனுக்கு மூத்தவ ஒருத்தி எனக்குப் பொறந்தா, சித்ரா. கியாக்தான் ஊர்ல. மீநேயிலயே போயிட்டா. வாசனை ஏறிடுச்சுன்னு சொன்னாங்க." மூச்சு வாங்கினாள். "குளிருதுன்னு நான்தான் ஜன்னலைச் சாத்தச் சொன்னேன்."

சித்ரா பிள்ளையை மாமியாரின் மடியில் வைத்தாள். பவுனம்மாள் இரண்டு கைகளாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையைத் தொடவில்லை.