சீர்த்தட்டில் வந்த கார்புரேட்டர்

என் காதுகுத்துக்குத் தாய்மாமன் கொண்டுவந்த சீரில் ஒரு கார்புரேட்டரும் இருந்தது என்று சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். காது என்னுடையது, வலி என்னுடையது, சீரும் என் பேரில்தான் வந்தது. சாட்சிக்கு வேறு யாரைக் கூப்பிடுவது?

எழுபதுகளில் போடியில் அப்பா ஒரு லாரி வைத்திருந்தார். லாரி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பட்டாளத்தார் ஓட்டித் தீர்த்து ஏலம் போட்ட குட்டிப் பெட்ரோல் வண்டி. ஊரே டீசலுக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் அப்பா மட்டும் அதைக் கட்டிக்கொண்டு அழுதார். போடிமெட்டுக்கு அரிசியும் உரமும் ஏற்றிப் போவது, திரும்பும்போது ஏலக்காய் மூட்டைகளை இறக்கி வருவது, இதுதான் எங்கள் பிழைப்பு. ஒரு பங்குனியில் அதன் எஞ்சின் வெடிப்பு விட்டுப் படுத்துவிட்டது. அப்பா மதுரைக்குப் போய்ப் பழைய சாமான் கடையில் ஒரு ஜீப் எஞ்சினைப் பிடித்து வந்தார். மொட்டை எஞ்சின். பெட்ரோலையும் காற்றையும் கலந்து ஊட்டும் கார்புரேட்டரும் இல்லை, பிளக்குகளுக்குப் பொறி பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும் இல்லை.

ஆடியில் ஏலக்காய் பறிப்புத் தொடங்கிவிடும். அதற்குள் வண்டி மலை ஏறாவிட்டால் எஸ்டேட்டுக்காரர் லோடு முழுவதையும் வேறு லாரிக்குக் கொடுத்துவிடுவார். ஏழு வயதான எனக்கே இது நன்றாகத் தெரியும். சோறு போடும்போதெல்லாம் அம்மா இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. மெட்டில் குடியிருந்தார். எஸ்டேட் ஆட்களை ஏற்றி இறக்கும் ஒரு ஜீப்புதான் அவருடைய சொத்து, சம்பாத்தியம் எல்லாம். அப்பா தேடிப் பிடித்த டிஸ்ட்ரிபியூட்டரையும் அதற்குக் கரண்டு அனுப்பும் காயிலையும் அவர் கையில் வாங்கிப் பார்த்தார். அப்பா தீப்பெட்டி அட்டையைக் கிழித்து, அதற்குள் தட்டித் தட்டித் திறக்கும் பாயிண்டுக்கு நடுவில் செருகி இடைவெளி வைப்பதையும் பார்த்தார்.

"கரண்டு சோலியில மச்சான அடிச்சுக்க ஆளில்ல" என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கார்புரேட்டர் என்று வந்ததும் இருவருக்கும் முட்டிக்கொண்டது. லாரி பெரிய வண்டி, அதற்குப் பெரிய கார்புரேட்டர்தான் வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. ஏதோ பெரிய காரிலிருந்து கழற்றிய ஒன்றை வாங்கி, தகடு வெட்டி, ஓட்டை போட்டு மாட்டியும் விட்டார். ஜீப் எஞ்சினுக்கு ஜீப் கார்புரேட்டர்தான் சேரும், அதிலும் மலையில் காற்று லேசு, பெரியது வைத்தால் பெட்ரோலைக் கொட்டிப் பிளக்கைக் கரியாக்கிவிடும் என்பது மாமாவின் கட்சி. அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போடித் தெருக்களில் வண்டி ராஜநடை போட்டது. அப்பாவுக்கு வாய்கொள்ளாச் சிரிப்பு. என்னையும் அம்மாவையும் முன்னால் உட்காரவைத்து மலைக்கு விட்டார். பாதி மலை வரைக்கும் குறையில்லை. அதற்குமேல் ஒரு கொண்டையூசி வளைவில் கறுப்புப் புகையாகக் கக்கி, இருமி, நின்றேவிட்டது. அம்மா இறங்கி ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்தாள். அந்நேரம் பார்த்தா மாமாவின் ஜீப் வரவேண்டும்? உள்ளே எஸ்டேட்டுக்குப் போகும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

மாமா தலையை வெளியே நீட்டி, "அப்பவே சொன்னேன்ல மச்சான். பச்சப்புள்ளைக்கு அண்டாவுல பாலூட்டுனா பொறையேறத்தான செய்யும்" என்றார்.

ஜீப் மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். அப்பா முகம் சுண்டிப்போய்விட்டது.

"ஜீப்பு ஓட்டுறவனுக்கு லாரியப் பத்தி என்ன தெரியும். ஓஞ்சோலியப் பாத்துட்டுப் போ" என்றார்.

அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. மாமாவை மாப்ளே மாப்ளே என்று வாய் ஓயாமல் கூப்பிட்ட அப்பா, அதன்பிறகு அம்மாவிடம் "ஒந்தம்பி" என்றுதான் சொன்னார். கார்புரேட்டரைக் கழற்றுவார், ஊதுவார், மாட்டுவார், மலைக்கு விடுவார். வண்டி அதே வளைவில் வந்து நிற்கும். அங்கிருந்த குரங்குகளுக்கு நாங்கள் நன்றாகப் பழக்கமாகிவிட்டோம். ஜீப் கார்புரேட்டர்தான் சரி என்பது இதற்குள் அப்பாவுக்கே விளங்கியிருக்கும். விளங்கி என்ன செய்ய? மச்சினன் சொன்னதைக் கேட்டு மாற்றினார் என்று மலையெல்லாம் பேசுமே. வைராக்கியம் விடவில்லை.

இதற்கு நடுவில் ஆனி மாதம் எனக்குக் காதுகுத்து வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்தவேண்டும். அப்பா முனகிப் பார்த்தார். அம்மா விடவில்லை.

"ஒங்க கார்புரேட்டர் சண்டைக்கு எம்புள்ள மூளிக்காதோட திரியணுமா? எந்தம்பி வருவான். நீங்க வாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றாள்.

சிலமலைப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் விசேஷம். மாமா பஸ்சில் வந்து இறங்கினார். "ஜீப்ப எடுத்தாரக்கூட மனசு வரல பாரு" என்று அப்பா பெரியப்பாவின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது. கொட்டுச் சத்தத்தோடு சீர்த்தட்டுகள் வரிசையாக வந்தன. பட்டுப்பாவாடை, தேங்காய், வாழைப்பழம், கற்கண்டு, கம்மல். கடைசித் தட்டை மாமாவே சுமந்து வந்தார். அதை மட்டும் மஞ்சள் துணி போட்டு மூடியிருந்தார். கண்ணைத் திறந்து மூடும் பொம்மைதான் அது என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

துணியை விலக்கினால் கார்புரேட்டர். மண்ணெண்ணெயில் கழுவிப் பளபளவென்று துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு முழம் மல்லிகைப்பூவும் சுற்றியிருந்தது.

சனம் சிரித்து உருண்டது. மொட்டைத் தலையோடு நான் மட்டும் அழ ஆரம்பித்தேன். அப்பாவுக்குக் கோபத்தில் மீசை துடித்தது. "என்ன, கேலி பண்றியா" என்று ஓரடி முன்னால் வந்தார்.

மாமா தட்டை இறக்காமலே தாடையால் என்னைக் காட்டினார். "இது ஒங்களுக்கு இல்ல மச்சான். ஆத்தாவுக்குச் செய்யுற சீரு. அவ லாரியில அவ மாட்டிக்கிருவா" என்றார்.

பெரியப்பாதான் அப்பாவின் கையைப் பிடித்தார். "தாய்மாமன் தட்டுல வந்ததத் தள்ளக்கூடாதுப்பா. வாங்கு."

அப்பா இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். மாமா மடியில் எனக்குக் காது குத்தினார்கள். பொம்மை போன துக்கத்தில் எந்தக் காதை முதலில் குத்தினார்கள் என்பதுகூட எனக்கு நினைவில்லை.

மறுநாள் காலையிலேயே அப்பா அதை எடுத்து மாட்டினார். அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. மீந்த கறிக்குழம்பைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு நாங்கள் மூவரும் மெட்டுக்குக் கிளம்பினோம். அந்த வளைவு வந்தபோது அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். வண்டி அதைக் கண்டுகொள்ளாமல் ஏறியது. அப்பா சீட்டில் குதித்துக் குதித்துச் சிரித்தார். "ஏறிருச்சு பாத்தியா, ஏறிருச்சு" என்று போகிற வழியெல்லாம் சொன்னார். எனக்கும் பெருமை பிடிபடவில்லை. எல்லாம் என் கார்புரேட்டர் ஆயிற்றே.

மாமா வீட்டு ஓரத்தில் தகரக் கொட்டகைக்குள் ஜீப் நின்றது. பானட் திறந்துகிடந்தது. நான் பம்பரில் ஏறி எட்டிப் பார்த்தேன். எங்கள் வண்டியில் கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இங்கே வெறும் ஓட்டைதான் இருந்தது. தூசி விழாமல் பழைய வேட்டித் துணியைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். என்னை இறக்கிவிட வந்த அப்பாவும் அதைப் பார்த்தார். அந்தத் துணியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

வாசலிலிருந்து மாமா சொன்னார்: "மருதையில சொல்லி வச்சிருக்கேன் மச்சான், வந்துரும். சவாரிக்கு என்ன, பறிப்பு ஆரம்பிக்கட்டும்னு இருக்கேன். ஒங்களுக்குத்தான வெரசா வேணும்."

அப்பா பானட்டை மெதுவாக இறக்கி மூடினார். "நாளைக்கே நான் மருதைக்குப் போறேன், மாப்ளே" என்றார். அம்மா தூக்குவாளியோடு விறுவிறுவென்று அடுப்படிக்குள் போய்விட்டாள்.

திரும்பி மலை இறங்கும்போது இருவரும் வாயே திறக்கவில்லை. வண்டிதான் நன்றாக ஓடுகிறதே, இவர்களுக்கு என்ன வந்தது என்று எனக்குப் புரியவில்லை. நான்தான் ஒரு நல்ல யோசனை சொன்னேன்.

"அப்பா, மாமா ஜீப்புல கார்புரேட்டரே இல்லப்பா. பாவம். அதுக்குன்னு என்னோடதக் கேட்டா மட்டும் குடுத்துறாதீங்க."

அம்மா என் மொட்டைத் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள். வைத்த கையாலேயே என்னை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதாள். நம்முடைய பொருளை நம்முடையது என்று சொன்னதற்கு எதற்குக் குட்டு என்று, போடி வந்து சேரும்வரை நானும் விடாமல் அழுதுகொண்டே வந்தேன்.