பீலித் தண்ணீர்

எனக்கு எழுபத்து மூன்று வயதாகிறது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். பூண்டுலோயாப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை அறைகளில் என் காம்பரா போல் சுத்தமான காம்பரா கிடையாது என்று கங்காணி பெண்சாதியே சொல்லுவாள். அந்தப் பெருமையோடுதான் கடைக்குட்டியைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன்.

அவளுக்கு அப்போது ஒன்றரை வயது. விடிந்ததிலிருந்து வயிற்றால் போனது. பாய், சாக்கு, என் சேலை எல்லாம் அழுகிய முட்டை நாற்றம். ஈ அதிலும் உட்கார்ந்தது, எழுந்து வந்து பிள்ளையின் உதட்டிலும் உட்கார்ந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சோறு இறங்காது. குடிக்கக் கொடுத்தால் இன்னும் போகும் என்று, எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்கிற மாதிரி நானும் தண்ணீரை நிறுத்தினேன். முலைப்பாலையும் நிறுத்தினேன். மத்தியானத்துக்குள் பிள்ளைக்குக் கண் குழிவிழுந்துவிட்டது. அழுதாள், கண்ணீர் வரவில்லை.

தோட்டத்து மருத்துவிச்சி அம்மா வந்து வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளின தோல் கிள்ளினபடியே நின்றது.

“தண்ணி குடுத்தியா?”

“இல்லீங்கம்மா. குடுத்தா ஓடுதுங்களே.”

“ஒழுகுற பானைய அடுப்புல வச்சிட்டு தண்ணி ஊத்தாம இருப்பியாடி?”

ஆறின வெந்நீரில், வயிற்றால் போனால் கொடுக்கிற உப்புச் சர்க்கரைத் தூள் ஜீவனிப் பொட்டலத்தைக் கரைத்து, கரண்டியை என் கையில் திணித்தார். “ஆஸ்பத்திரிக்கு லொறி வர்ற வரைக்கும் கைய நிறுத்தாத. வாந்தி எடுத்தா கொஞ்சம் பொறுத்துக் குடு. பாலும் குடு.” கரண்டி கரண்டியாக ஊற்றினேன். லொறிச் சத்தம் கேட்கும்போது என் மடி சூடாக நனைந்தது. உடம்பில் தண்ணீர் ஏறி, பிள்ளை மூத்திரம் பெய்திருந்தாள். சாமி கும்பிடுகிற மாதிரி அந்த ஈரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்த பிறகும் எனக்கு வாய் அடங்கவில்லை. “எங்க வீடு சுத்தம்ங்கம்மா. குடிக்கிறது மலையில இருந்து விழுற பீலித் தண்ணி, பளிங்கு மாதிரி இருக்கும். காய்ச்சவே வேணாம்” என்றேன்.

“வா, ஒன் பளிங்கு எங்கேருந்து வருதுன்னு பாப்போம்.”

ஊற்றுத் தண்ணீர் தூம்பு வழியாக விழுகிற அந்தப் பீலிக்கு மேலே கூட்டிப்போனார். மேல் லயத்துக் கக்கூசுக் குழி வெடித்து, பீ கரைந்து புல்லுக்குள்ளே கசிந்து, நேரே எங்கள் ஊற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. நெளிகிற புழுவையும் பார்த்தேன். அங்கேயே குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். அந்தத் தண்ணீரைத்தான் என் பிள்ளைக்குப் புகட்டினேன். வந்த விருந்தாளிக்கும் துலக்கின செம்பில் கொடுத்தேன்.

இப்போது குழாய் போட்டிருக்கிறார்கள். ஊற்று அதே ஊற்றுதான். பைப்பில் வந்தால் சுத்தம் என்று காய்ச்சாமல் குடிக்கிறார்கள், பார்க்கவே குமட்டுகிறது.

பாப்பா, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினத வாசி. நான் சொன்ன மாதிரியே பீன்னு எழுதினியா, இல்ல படிச்ச பிள்ளைன்னு நாசூக்கா மாத்திட்டியா? மாத்தாத. நாங்க குடிச்சது அதத்தான்.