அழகேசனின் பச்சை விளக்கு

பிரேமாவதி அடுப்படி மேசையில் பழைய பேப்பரை விரித்து நெத்திலித் தலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அன்று பத்து மணிக்கு மகள் உமாராணிக்கு ஆசிரியர் பயிற்சிக்கான நேர்முகம், வீட்டிலிருந்தபடியே, கணினியில். போன வருஷம் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். முடித்துவிட்டு வருகிறவளுக்கு நெத்திலிச் சம்பலோடு தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக், போட வேண்டும் என்பது தாயின் கணக்கு.

"பிரேமா, எல்லாம் ஓகே தானே?"

கூடத்திலிருந்து அழகேசன்.

"ம்," என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவருடைய விசாரிப்பு இவ்வளவுதான். சோபாவை விட்டு எழ மாட்டார். அங்கிருந்தே ஒரு குரல். 'ம்' வந்துவிட்டால் குடும்பம் நன்றாக இருக்கிறது. டெங்கிக் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோதுகூட அவள் 'ம்' என்றுதான் சொன்னாள். என் பெண்டாட்டி ஒரு நாள் படுத்ததில்லை என்று அவர் லூனாஸ் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

லூனாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, கூலிம் தொழிற்சாலையில் பல வருஷம் டெக்னீஷியனாக இருந்தவர் அழகேசன். ஆட்குறைப்பில் வெளியே வந்ததும் கோட்டு, டை போட்ட படத்தோடு ஒரு கார்டு அடித்துக்கொண்டார்: நெட்வொர்க் ஆலோசகர். கோட்டு போட்டோ ஸ்டூடியோக்காரருடையது. டையும்தான். அந்தக் கார்டை நம்பி மூன்று கடைக்காரர்களும் ஒரு கிளினிக்கும் அவரிடம் மாட்டினார்கள்.

வீடுதான் அவருக்கு ஷோரூம். ஃபைபர் லைன் ஒன்று, சிம் கார்டு போட்ட லைன் ஒன்று. இரண்டும் அவர் வாங்கிவந்த கறுப்புப் பெட்டியில் வந்து சேரும். தொலைக்காட்சியில் பாதி நேரம் நாடகம் ஓடாது. அந்தப் பெட்டியின் நிலவரம்தான் ஓடும். லைனுக்கு ஒன்றாக இரண்டு பச்சைப் புள்ளிகள், லைன் செத்தால் சிவப்பு. பார்க்க வருகிறவர்களுக்கு அவர் சொல்லும் பாடம் பிரேமாவதிக்கு மனப்பாடம்.

"ரெண்டு ரோடு மாதிரி லா. பாதி வண்டி இதுல, பாதி வண்டி அதுல. பொட்டி சும்மா இருக்காது. தூரத்துல ஒரு எடத்துக்கு, உயிரோட இருக்கியான்னு கேட்டுக்கிட்டே இருக்கும். மூணு தடவை கேட்டும் பதில் வரலைன்னா அந்த ரோட்ட அடைச்சிடும். எல்லா வண்டியும் மத்த ரோட்டுக்குப் போயிடும். நமக்குத் தெரியவே தெரியாது."

சொல்வதில் குறை சொல்ல முடியாது.

போன தீபாவளிக்குப் பிரேமாவதியின் அண்ணன் லோகன் பெண்டாங் ஊரிலிருந்து வந்திருந்தார். முறுக்கைக் கடித்தபடி தொலைக்காட்சியைப் பார்த்தார். ஃபைபர் சிவப்பில் இருந்தது. அந்த வாரம் தெருவில் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தார்கள், லைன் வருவதும் போவதுமாக இருந்தது.

"என்ன மச்சான், ஒங்க பொட்டிக்குக் கண்ணு செவந்து போச்சே. ராத்திரி தூங்கலையா?"

வந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அழகேசன் அப்புறம் சாப்பிடவே இல்லை. மறுநாள் காலை பெட்டியோடு உட்கார்ந்து ஏதோ மாற்றினார். அன்றிலிருந்து சிவப்பு வந்ததே இல்லை. கால்வாய் வேலை மட்டும் இன்னும் முடியவில்லை.

நேர்முகம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் உமாவின் அறையிலிருந்து, "ஹலோ, ஹலோ, டெங்கார் தாக்?" என்று, கேட்கிறதா எனத் திரும்பத் திரும்ப மலாயில் குரல் வந்தது. பிரேமாவதி கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். முகம் வந்தால் குரல் இல்லை. குரல் வந்தால் முகம் உறைந்து நிற்கிறது. வெளியேறி மறுபடி நுழைந்தாலும் அதே கதை.

"ப்பா, ஃபைபர் செத்துப்போச்சு. அந்த ஒயரப் பிடுங்குங்க, எல்லாம் சிம் லைன்ல போகட்டும்."

அழகேசன் வாசற்படியில் நின்று கைப்பேசியை நீட்டினார். "பாரு, ரெண்டும் பச்சை. ஒன் லேப்டாப்புதான் கோளாறு."

"பிடுங்குங்க ப்பா, ப்ளீஸ்."

"பச்சையா இருக்கிற லைன எவனாவது பிடுங்குவானா?"

பிரேமாவதி அதற்கு மேல் நிற்கவில்லை. தன் கைப்பேசியை மகளிடம் கொடுத்தாள். "இதுல டேட்டா இருக்கு. பின்னால வா, அங்கதான் சிக்னல் கெடைக்கும்." துவைக்கும் இயந்திரத்தின் மேல் கணினியை வைத்து, ஈரத் துணிகளை ஒதுக்கிவிட்டு உமா நின்றபடியே பேசினாள். இரண்டு கேள்விதான் கேட்டார்கள். "மாஸா டா ஹாபிஸ், யா," என்று நேர்முகம் நடத்திய அம்மாள் நேரம் முடிந்ததைச் சொல்லித் திரையை மூடினாள்.

உமா கணினியைத் தூக்கிக்கொண்டு நேரே கூடத்துக்குப் போனாள். அதில் கறுப்புப் பெட்டியின் செட்டிங் பக்கத்தைத் திறந்து பார்த்தாள்.

"ப்பா, இது எங்க கேட்குது?"

"எதுக்கு அதெல்லாம் நோண்டுற?"

"ஃபைபர் உயிரோட இருக்கான்னு இது கேட்கறது, தோ, டிவிக்குக் கீழ ஒக்காந்திருக்கே மோடம், அதுகிட்ட. வெளிய ஒயரு அறுந்து கெடந்தாலும் அது நல்லா இருக்கேன்னுதான் சொல்லும். இதோட கேள்வி நம்ம கூடத்த விட்டே போகல ப்பா."

"வெளிய கேட்டா சும்மா சும்மா சிவப்பு வருது. சிவப்பப் பார்த்தா ஆளுங்க பயப்படுவாங்க லா."

பிரேமாவதி அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "கிளினிக்லயும் இப்படித்தான் வச்சிருக்கீங்களா?"

"எல்லா எடத்துலயும் ஒரே செட்டிங்." அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "இதுவரைக்கும் ஒரு அலாரம் அடிச்சதில்ல."

உமா கணினியை மூடினாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவு அடித்த சத்தம்கூட இல்லை.

அவள் திரும்பி வந்து மேசை முன் உட்கார்ந்தாள். கிள்ளாத நெத்திலி பாதி கிடந்தது. கூடத்தில் சோபா முனகியது, அழகேசன் உட்கார்ந்துவிட்டார்.

"பிரேமா, பாப்பா ஓகே தானே?"

அவள் நெத்திலித் தலைகளை ஓரமாக ஒதுக்கினாள்.

"பிரேமா, ஓகே தானே?"

தலைகளைப் பேப்பரோடு சேர்த்துச் சுருட்டினாள். கிள்ளியதைத் தட்டு போட்டு மூடினாள்.

"பிரேமா?"

சுருட்டிய பேப்பரை எடுத்துக்கொண்டு, பின்கதவைத் திறந்து, அவள் வெளியே போனாள்.