அம்மாவுக்கு மூன்றாம் கட்டம்

அந்தத் தெருவில் தையல்காரம்மா இரண்டு விஷயத்துக்குப் பேர் போனவர். ஒன்று அவர் கை, இன்னொன்று அவர் வாய். பள்ளிச் சீருடையோ ஜன்னல் திரையோ, அவர் கைபட்டால் கச்சிதமாக இருக்கும். ஆனால் திட்டு வாங்காமல் துணி வாங்கிக்கொண்டு போனவர் யாரும் இல்லை. "அளவெடுக்கும்போது வயித்த உள்ள இழுத்துக்கிட்டு நின்னீங்கல்ல? இப்ப பேண்ட் பத்தலன்னா நான் என்ன செய்ய?" என்று பாங்க் மேனேஜரையே கேட்டவர். அந்த மேனேஜர் மறுபடியும் அவரிடம்தான் தைக்கக் கொடுத்தார்.

இப்பேர்ப்பட்டவரின் கண்ணிலேயே மண்ணைத் தூவியிருந்தாள் பதினேழு வயது மகள். முழங்காலில் அடிபட்டபோது டாக்டர் கொடுத்த வலி மாத்திரை. கால் ஆறிய பிறகும் அவளால் அதை விட முடியவில்லை. மருந்துச் சீட்டு தீர்ந்ததும் தோழிகளிடம் வாங்கினாள், அப்புறம் யார் யாரிடமோ. பிள்ளை பரீட்சைக்குக் கண்விழித்துப் படித்துக் களைத்திருக்கிறாள் என்று அம்மா பாலைக் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தார், பாவம். பள்ளிக் கழிப்பறையில் நினைவில்லாமல் கிடந்தவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. தனக்கு முன்னாலேயே தெரியாமல் போயிற்றே என்று அன்றைக்கு ஆரம்பித்த ஆற்றாமை அவருக்கு அடங்கவே இல்லை.

ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவில் இருந்த ஒரு சிகிச்சை இல்லத்தில் சேர்த்தார்கள். அங்கே எல்லாம் கட்டம் கட்டமாகத்தான். முதல் கட்டத்தில் உடம்பு தெளிய வேண்டும். பெற்றவர்கள்கூட எட்டிப் பார்க்க முடியாது. இரண்டாவதில் படிப்பு, தோட்ட வேலை, மனம்விட்டுப் பேசுவது. பார்க்க வேண்டுமென்றால் பெற்றோர் அங்கே வரலாம். மூன்றாவதில் வாரக் கடைசிக்கு வீடு. நான்காவதில் வீட்டோடு இருந்துகொண்டு பள்ளிக்கூடம் போகலாம், வாரம் ஒருமுறை கூட்டத்துக்கு வந்தால் போதும். முதல் கட்டத்தில் அந்தப் பெண் பட்ட பாட்டைச் சொன்னால் மனசு தாங்காது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினாள், அடுத்ததையும் தாண்டினாள். மூன்றாவதில் வழுக்கி விழுந்தது அம்மாதான்.

முதல் சனிக்கிழமை மகள் வீட்டுக்குள் கால் வைத்ததுமே கட்டிப்பிடிக்கிற சாக்கில் தலையிலிருந்து தோள்வரை மோந்து பார்த்தார். தலையணை உறையைக் கழற்றி உதறினார். மகள் குளிக்கப் போனதும் கதவில் காதை வைத்து நின்றார். அவள் படக்கென்று கதவைத் திறக்க, நிலைதடுமாறி உள்ளே போய் விழுந்தார்.

"என்னம்மா பண்ற?"

"தாழ்ப்பாள் ஒழுங்கா விழுதான்னு பாத்தேன்."

"வந்ததுலேர்ந்து மோந்து மோந்து பாக்கற. மாத்திரைக்கு வாசனையே கிடையாதும்மா!"

ஞாயிற்றுக்கிழமை மாலை இல்லத்தில் கூட்டம். பிள்ளைகளும் பெற்றோரும் வட்டமாக உட்கார்ந்து, வீட்டில் நடந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். மகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஆலோசகர் ஓர் இளம்பெண். எல்லோருக்கும் அவர் அக்காதான். அவர் சிரிக்காமல், "அம்மா, நீங்க திரும்ப ரெண்டாம் கட்டத்துக்குப் போறீங்க. கொஞ்ச வாரம் இங்கயே வந்து பாத்துட்டுப் போங்க" என்றார்.

"நல்லா இருக்கே நியாயம்! மாத்திரை தின்னவ அவ, கட்டம் எனக்கா?"

"ரத்தம், சிறுநீர் எல்லாம் நாங்க டெஸ்ட் பண்ணிக்கிறோம்மா. அது எங்க வேலை. வீட்டுலயும் அவளுக்கு ஒரு போலீஸ் வேணாம். உங்களுக்குச் சந்தேகமா இருந்தா அவகிட்டயே கேளுங்க."

பஸ் ஓட்டுகிற புருஷனிடம் சொன்னதுதான் தப்பு. "உன்னை ஃபெயிலாக்கிட்டாங்களா?" என்று அந்த மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார். அதற்கப்புறம் அவர் டீயை அவரே போட்டுக் குடிக்க வேண்டியிருந்தது. அம்மாவுக்கோ சிரிப்பு வரவில்லை. தன்னால் பிள்ளை வீட்டுக்கு வர முடியாமல் போய்விட்டதே என்று ஊசியில் நூலைக் கோக்கும்போதெல்லாம் கண் கலங்கியது.

வாரங்கள் போயின. பள்ளி திறக்கும் நேரம் நெருங்கியது. அக்கா கூப்பிட்டு, "இந்த வாரக் கடைசி நல்லபடியாப் போனா நாலாம் கட்டம். ஸ்கூல் திறக்கற அன்னைக்கே அவ போகலாம். இல்லன்னா இந்த வருஷம் போச்சு" என்றார். அம்மா தலையைத் தலையை ஆட்டினார். இந்தத் தடவை தலைகீழாக நின்றாவது ஜெயித்துவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டார்.

நின்றார், ஐயோ, அதுதான் பெரிய கூத்து! மகள் குளிக்கப் போனால் இவர் ஓடிப்போய்த் தையல் மெஷினில் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காதபடி ஓட்டித் தள்ளினார். யாரோ கொடுத்த திரைச்சீலைக்குக் கேட்காமலேயே இரண்டு ஓரம் கூடுதலாக விழுந்தது. கடைக்குப் போன மகள் தாமதமாக வந்து நின்றபோது, "ஏண்டி லேட்டு?" என்று தொண்டைவரை வந்ததை விழுங்கிவிட்டு, "வெயில் ஜாஸ்தியா?" என்று கேட்டார். அக்கா சொன்னபடி நேராகக் கேட்கவும் துணிச்சல் வரவில்லை. நாற்காலியில் கிடந்த மகளின் பை மட்டும் எந்நேரமும் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஞாயிறு மத்தியானம் அந்தப் பையையே கொண்டுவந்து மடியில் போட்டாள் மகள்.

"ஜிப் பிஞ்சு போச்சும்மா, தைச்சுக் குடு. உள்ள இருக்கறதெல்லாம் நீயே எடுத்து வெச்சுக்கோ. நான் மாடில துணி எடுக்கப் போறேன்."

அம்மா பையைத் திருப்பிப் பார்த்தார். ஜிப்பாவது, பிய்வதாவது! பக்கவாட்டுத் துணியோடு சேர்த்துக் கத்தரிக்கோலால் நறுக்கியிருந்தது. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. பெற்றவளுக்கே பொறி வைக்கிறாளா? அந்த அக்கா சொல்லிக்கொடுத்து அனுப்பியிருப்பாள், வேறென்ன!

பை ஆவென்று வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. ஒரு துண்டு, ஒரு சட்டைக் கை தெரிந்தது. துண்டை ஒரு விரலால் ஒதுக்கினால் போதும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒருவேளை ஏதாவது இருந்துவிட்டால்? சாமானை வெளியே எடுக்காமல், முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு, தடவித் தடவிக் கையாலேயே தைத்தார். விரலில் ஊசி குத்தி ரத்தம் வந்தது. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இப்படியொரு கோணல் தையலை அவர் போட்டதே இல்லை.

மாலைக் கூட்டத்துக்குக் கொதித்துக்கொண்டே போனார். அக்காவைக் கேட்க வேண்டிய கேள்விகளை வழி முழுக்க அடுக்கி வைத்திருந்தார். "யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று அக்கா கேட்டதும் அவர் எழுந்திருப்பதற்குள் மகள் கையைத் தூக்கிவிட்டாள்.

"நான் அம்மாகிட்ட ஒரு பொய் சொன்னேன்க்கா. ஜிப் தானாப் பிய்யல. நான்தான் வெட்டினேன்."

"எதுக்கு?" என்றார் அக்கா. அவர் முகத்தில் நிஜமான ஆச்சரியம்.

"அம்மா நேத்துலேர்ந்து சரியாச் சாப்பிடல, தூங்கல. அந்தப் பையவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. திறக்கவும் மாட்டாங்க, என்கிட்ட கேக்கவும் மாட்டாங்க. பாக்கவே பாவமா இருந்துச்சு. தைக்கற சாக்குலயாவது உள்ள பாத்துட்டு நிம்மதியாத் தூங்கட்டும்னு வெட்டினேன்."

அம்மா அடுக்கி வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"பாத்தீங்களாம்மா?" என்று அக்கா கேட்டார்.

இல்லை என்று தலையை ஆட்டினார். அப்புறம் அத்தனை பேர் முன்னாலும் ஓவென்று அழுதார். அழுகைக்கு நடுவிலேயே மகள் பக்கம் திரும்பி, "வெட்டறதுதான் வெட்டின, தையலை மட்டும் பிரிச்சிருக்கக் கூடாதா? நல்ல துணியையுமாடி நறுக்குவ?" என்றார். கூட்டமே சிரித்தது. அக்கா, "நாலாம் கட்டம்" என்று சொல்லிவிட்டு, மகளின் மற்ற சாமான்களையும் எடுத்துவர ஆளனுப்பினார்.

திரும்பும் பஸ்ஸில் மகள் பையை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தாள்.

"இப்பப் பாரும்மா. நான்தான் சொல்றேன்ல?"

அம்மா பையின் மேல் இரண்டு கையையும் வைத்தபடி, வாய் லேசாகத் திறந்திருக்க, மகளின் தோளில் சாய்ந்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.