வெடித்த கெப்பாசிட்டர்

ஃபோனில் வீடியோ பார்த்து எலெக்ட்ரானிக்ஸ் பழகும் பேக்கரிக்காரருக்கு, மனைவியின் சமையலறை ரேடியோ லேசாகக் கரகரத்ததும் கை துறுதுறுத்தது. அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து அதைப் பிரித்து, புது கெப்பாசிட்டரைப் பற்றவைத்தார். அதன் மேல் மைனஸ் பக்கத்தைக் காட்டும் கோடு இருந்தது. ரொட்டியின் பக்குவத்தை வாசனையிலேயே சொல்லும் மனிதர், கோட்டைக் கவனிக்காமல் தலைகீழாக வைத்துவிட்டார். ஸ்விட்சைப் போட்டதும் அது பட்டென்று வெடித்தது. புகை போக ஜன்னலைத் திறந்து, ரேடியோவை மூடி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் உட்கார்ந்துகொண்டார்.

சாப்பாட்டு நேரத்தில் மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ரேடியோ பாடலைங்க. காலையில தொடைக்கும்போது தண்ணி பட்டுடுச்சு. நான்தான் கெடுத்துட்டேன்."

"சரி விடு. இனிமே பாத்துத் தொடை."

"வேற யாரா இருந்தாலும் கத்தியிருப்பாங்க" என்று சொல்லி அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தாள். அவர் எழுந்து போய் ஜன்னலை இன்னும் அகலமாகத் திறந்துவைத்தார்.