நிறுத்தும் பட்டன் இல்லாத செயலி

காலையில் கண்ணாடியைத் துடைத்து, ஹாரனை ஒரு தட்டுத் தட்டி, செல்போனில் ‘கிளம்பிட்டேன்’ என்ற பச்சைப் பட்டனை அழுத்துகிறார் பள்ளி வேன்காரர். ஒவ்வொரு வாசலுக்கும் ‘வந்துட்டேன்’ என்ற சிவப்புப் பட்டன். அழுத்தினால் எல்லா அம்மாக்களின் செல்போனிலும் மணி அடிக்கும். சீட்டை விட்டு இறங்குகிற வழக்கமே கிடையாது. “கம்பெனி ஆப் இல்லம்மா, நானே செஞ்சது” என்று கேட்காதவர்களிடமும் சொல்வார்.

படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் யார் வேண்டுமானாலும் செயலி செய்துகொள்ள இலவச வசதி ஒன்று இருக்கிறதே! வேண்டியதைத் திரையில் இழுத்து ஒட்டினால் போதும். பள்ளி மணி அடிக்கக் காத்திருக்கும் நேரமெல்லாம் ஒட்டினார்: வேன் இருக்கும் இடம் காட்ட வரைபடம், புகார் எழுத ஒரு பெட்டி. முதல் சோதனையில் வரைபடத்து வேன் ஏரிக்கு நடுவில் நின்றது. “நீச்சல் தெரிஞ்ச பிள்ளைங்களை மட்டும்தான் ஏத்தணும் போல” என்று தானே சிரித்துக்கொண்டார்.

இத்தனைக்கும் காரணம் அவர் தம்பி. கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். அண்ணன் ஆசையாக வந்து திட்டத்தைச் சொன்னபோது, “உனக்கெதுக்குண்ணே இந்த வேலை? ஸ்டியரிங்கைப் பிடிக்கிறதோட நிறுத்திக்கோ” என்று சொல்லிவிட்டான். இவருக்கு மூக்கு நுனியில் கோபம். “இனிமே உன் வாசப்படிய மிதிச்சா நான் மனுஷனே இல்ல” என்று கிளம்பி வந்தவர்தான். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அன்றிலிருந்து இவருக்குச் சோறு சரியாக இறங்குவதில்லை.

ஒருநாள் ஓர் அம்மா விசாரித்தார். “அண்ணே, தினம் சாயங்காலம் கடைசிப் பிள்ளையை இறக்கிட்டு, அந்த அச்சாபீஸ் முனையிலயே ரொம்ப நேரம் நிக்கிறீங்களே, வண்டி ரிப்பேரா?”

வேன்காரருக்கு வேர்த்துவிட்டது. அந்த முனையிலிருந்து பார்த்தால் தம்பி வீட்டு வாசல் தெரியும். உள்ளே போக ரோஷம் விடவில்லை, திரும்பிப் போக மனசு வரவில்லை. யாருக்கும் தெரியாது என்று நினைத்துத்தான் அங்கே நின்றுகொண்டிருந்தார். யார் போனிலும் இறக்கிக்கொள்ளும்படி அவர் பெற்றுப்போட்ட செயலி அதை ஊருக்கே காட்டிக்கொண்டிருந்தது.

“எஞ்சின் சூடும்மா, ஆறட்டும்னுதான்” என்று சமாளித்தார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் தலையில் அடித்துக்கொண்டார். “எல்லாத்துக்கும் பட்டன் வெச்சேன், நிறுத்துறதுக்கு வைக்கலை பாரு. பிரேக் இல்லாத வண்டி செஞ்ச மகராசன் நான் ஒருத்தன்தான்.”

“ஆப்பை மட்டுமா சொல்றீங்க?” என்றாள் அவள்.

மறுநாள் மாலையும் வேன் அச்சாபீஸ் முனையில்தான் நின்றது. புகார்ப் பெட்டியில் பெயரில்லாமல் ஒரு வரி வந்து விழுந்தது.

“வேன் தினமும் கரெக்டா வந்துடுது. டிரைவர்தான் இறங்க மாட்டேங்கிறார். நீங்களாவது கொஞ்சம் சொல்லக்கூடாதாண்ணே?”

நிமிர்ந்து பார்த்தார். எதிர் வாசலில் தம்பி செல்போனும் கையுமாக, சிரிப்பை அடக்கத் தெரியாமல் நின்றிருந்தான்.

வேன்காரர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிவப்புப் பட்டனை அழுத்தினார். பிள்ளைகள் எல்லாம் வீடு போய்ச் சேர்ந்திருந்த அந்த நேரத்தில், வழியெங்கும் அம்மாக்களின் செல்போன்களில் மணி அடித்தது. அவர் கதவைத் திறந்து இறங்கினார்.